அப்பாவின் கம்பளிக் கோட்டு

அறுபதுகளின் தொடக்கம். மதுரையில் நான் சேர்ந்த கல்லூரியில் கட்டணச் சலுகை வேண்டுமானால், தகப்பனார் நேரில் வந்து தான் ஏழை என்று சொல்ல வேண்டும். அதுதான் நடைமுறை. சலுகை இல்லையென்றால் எனக்குப் படிப்பு இல்லை.

எங்கள் மலைக்கிராமமான வடகவுஞ்சியிலிருந்து அப்பா, தினமும் போடும் கம்பளிக் கோட்டோடு வந்தார். கொடைக்கானலில் அவர் தோட்டவேலை பார்த்த பங்களாவின் துரை, சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது.

பிரின்சிபால், தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தார்.

"நானே இப்படி ஒரு கோட்டு வாங்குனதில்ல. உங்களுக்குச் சலுகையா?"

"குளிருக்குப் போடுறதுங்க ஐயா."

"மதுரையில ஏதுங்க குளிரு? கழட்டி வச்சுட்டு உட்காருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே சட்டை இல்லை.

பிரின்சிபால் உடனே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அப்பா கழுத்துவரை பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். "ஏலே, கெடச்சிருச்சுல்ல? வெரசா வா, பஸ்ஸு போயிரும்."

அந்தச் சலுகையில்தான் படித்தேன், உத்தியோகம் பார்த்தேன், ஓய்வும் பெற்றேன். எந்த விண்ணப்பத்தோடு எதை இணைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்று அந்த அறையில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.