மனைவியின் மைல்கள்

பல் செட் செய்கிறவருக்குப் பொறாமை முதலில் விமானத்தின் மேல்தான் வந்தது. மனிதர்கள் மேல் வந்தது பிறகு.

அவருக்கு ஒரு பல் ஆய்வுக்கூடத்தில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு மெழுகைச் சுரண்டி, பீங்கான் பூசி, முகமே பார்த்திராதவர்களுக்குச் சிரிப்பு செய்து கொடுப்பார். மனைவி ஸ்கேன் இயந்திரங்களைச் சரிசெய்யும் இன்ஜினியர். எந்த ஊர் மருத்துவமனையில் இயந்திரம் படுத்துக்கொண்டாலும் மறுநாள் அவள் அங்கே நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில் எப்போதாவது பறந்தாள். பதவி உயர உயர, வாரம் தவறாமல் பறந்தாள். அவர் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை.

பக்கத்து மேசைக்காரருக்கு மீசை என்று பட்டப்பெயர். வாய் சும்மா இருக்காது.

"வீட்டம்மா வானத்துல பறக்கறாங்க, நீ இங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. அதுவும் அடுத்தவன் பல்லை!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். வயிறு மட்டும் எரிந்தது.

ஒருநாள் தபாலில் வெள்ளி நிற அட்டை ஒன்று வந்தது. அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமான கம்பெனி தரும் அட்டை. பறந்த தூரமெல்லாம் அவள் பேரில் மைல்களாகச் சேரும்; சேர்ந்ததைக் கொடுத்து இலவச டிக்கெட் வாங்கலாம். அவள் அதைக் குழந்தைபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாண ஆல்பத்தைக்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லையே என்று அவருக்கு இருந்தது.

அந்தக் கணக்குக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை அப்போதுதான் முளைத்தது. எண் அட்டையிலேயே இருந்தது. பாஸ்வேர்ட், மகளின் பெயரும் பிறந்த வருடமும்; வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான். மதிய சாப்பாட்டுக்கு மீசை வெளியே போனதும், போனில் கம்பெனியின் பெயரைத் தேடி, முதலில் வந்த பக்கத்தைத் தொட்டார். அதே நிறம், அதே முத்திரை. எண்ணையும் பாஸ்வேர்டையும் போட்டார். சக்கரம் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, 'பிறகு முயலவும்' என்றது. பொறுமையில்லாமல் வேறொரு பக்கத்தில் போட்டார். திறந்துகொண்டது.

உள்ளே இருந்தவள் அவருக்குத் தெரியாத மனைவி. ஜன்னலோர இருக்கைதான் வேண்டும் என்று குறித்து வைத்திருந்தாள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் "நீங்க உக்காருங்க, எனக்கு எதுக்கு" என்று ஜன்னலை அவருக்கு விட்டுக்கொடுப்பவள்! கட்டினவனுக்குத் தெரியாத ஆசை எவனோ நடத்துகிற கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. எந்த விமானம், எப்போது இறங்கியது, இறங்கி எவ்வளவு நேரம் கழித்து வீட்டுக்குப் பேசினாள், ஏன் அவ்வளவு நேரம் என்று மனம் போட்டுப் போட்டு உருட்டியது. அவள் பேச்சில், உடன் வேலை செய்யும் ஆண்களின் பெயர் வந்தால் சாப்பாடு இறங்காது.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை திறந்தபோது, மைல்களில் முக்கால்வாசி காணவில்லை. அவற்றைக் கொடுத்துத் தூர தேசத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கியிருந்தார்கள். பயணியின் பெயர், ஓர் ஆணின் பெயர்.

கையிலிருந்த மெழுகுப் பல் நசுங்கிப்போனது. அந்தப் பெயருக்கு அவரே ஒரு முகம் செய்தார். நல்ல உயரம், நல்ல சட்டை, வரிசையான பல்.

மாலையில் மனைவி வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட அவர் விடவில்லை.

"யாரு அவன்?"

"எவன்?"

"உன் மைல்ல டிக்கெட் வாங்கிக் குடுத்திருக்கியே, அவன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. போனை எடுத்துக் கணக்கைத் திறந்தாள். "ஐயோ, நான் வாங்கலைங்க. யாரோ உள்ள புகுந்திருக்காங்க." சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எதிர்முனையில் ஓர் இளம்பெண் விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "மேடம், பாஸ்வேர்டை வேற எந்தப் பக்கத்துலயாவது போட்டீங்களா? எங்க பேர்ல ஒரு போலிப் பக்கம் சுத்துது. போட்டா 'பிறகு முயலவும்'னு வரும். அதுக்குள்ள பாஸ்வேர்டைத் திருடிடுவாங்க, அப்புறம் எப்ப வேணும்னாலும் மைலை எடுப்பாங்க" என்றாள்.

"இல்லையே. நான் ஆப்லதான் போவேன்."

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த 'பிறகு முயலவும்' அன்று வந்தது அவருடைய போனில்தான்.

"நான்தான் போட்டேன்" என்றார்.

"யாருங்க அது?" என்றது போன்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் மனைவி, அவரைப் பார்க்காமலே.

அந்தப் பெண் கணக்கைப் பார்த்தாள். விமானம் இன்னும் கிளம்பவில்லை, டிக்கெட்டை ரத்து செய்யலாம், மைல்கள் திரும்பி வந்துவிடும் என்றாள். "அந்தப் பேருக்குரியவர்கூடப் பாவம், மேடம். மலிவா கிடைக்குதேன்னு திருடன்கிட்ட வாங்கியிருப்பார். திருட்டு டிக்கெட்னு அவருக்கே தெரியாது."

நாள் முழுக்கக் கறுவிய எதிரி அந்த நிமிடமே ஒன்றுமில்லாமல் போனான். அவர் மட்டும் மிச்சமிருந்தார்.

போனை வைத்த பிறகு மனைவி சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"திருடன்மேல எனக்குக் கோவமே வரலை. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியுமே."

"தப்புதான்" என்றார். "எனக்கு வயிறு எரிஞ்சுது. நீ போற, வர, உன்னை ஊரே கும்பிடுது. நான் இங்கயே கிடக்கறேன்."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல? எட்டிப் பாக்கறதுக்குப் பதிலா?"

அவள் புது பாஸ்வேர்ட் போட்டாள். தன் போனுக்கு வரும் எண்ணைத் தட்டினால்தான் திறக்கும்படியும் செய்தாள். அவர் தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சில நாள் பேச்சு, 'சாப்பாடு வச்சாச்சு', 'சாவி எங்கே' என்ற அளவோடு நின்றது.

அடுத்த பயணத்தில் போய் இறங்கியதும் கூப்பிட்டாள். மகள் படிப்பைக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ ஓர் ஆண் சிரிக்கும் சத்தம் கேட்டது. யார் என்ற கேள்வி அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினார்.

"கேக்கணும்னு இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"இன்னும் போகலையா அது?"

"போகலை."

"சரி, கேளுங்க."

கேட்டார். டாக்சி டிரைவர் என்றாள். அவர் அதை நம்பினார். ஆனாலும் கொஞ்சம் எரியத்தான் செய்தது.