காதோடு வாசிக்கும் வகுப்பு

சைரன் டீச்சருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் அவர் "உட்காருங்க" என்று சொன்னால் மாடியில் நான்காம் வகுப்பும் சேர்ந்து உட்காரும். மைதானத்தின் அந்தக் கோடியில் மண்ணை வாயில் போடப்போகும் குழந்தையை, இந்தக் கோடியில் நின்றபடியே ஒரே அதட்டலில் நிறுத்திவிடுவார். ஸ்டாஃப் ரூமில் "ஒரு ரகசியம்" என்று அவர் தொடங்கினால் மற்ற டீச்சர்கள் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார்கள். இதில் அவருக்கும் கொஞ்சம் பெருமைதான். ஒன்றாம் வகுப்பு என்றால் குரல், குரல் என்றால் தான் என்று பல வருஷமாக நம்பிவந்தார்.

அந்த நம்பிக்கையில்தான் மண் விழுந்தது. டெர்ம் தொடங்கிய கொஞ்ச நாளில் தொண்டை கட்டியது. வெந்நீர் குடித்தார், மாத்திரை போட்டார், கத்துவதை மட்டும் விடவில்லை. ஒரு நாள் காலை வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றனவாம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இனிமேல் மெல்லத்தான் பேச வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும், அதற்கு மேல் கத்தினால் இருக்கிற குரலும் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டீச்சரின் கணவர் டெய்லர். வீட்டு முன்னறையில்தான் மெஷின் போட்டிருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நூலைப் பல்லால் கடித்தபடி யோசித்தார்.

"அப்ப இனிமே என்னைத் திட்டணும்னா பக்கத்துல வந்துதான் திட்டணும்?"

"ஆமா."

"நல்லதாப் போச்சு. மெஷினை ஓட்டிக்கிட்டே இருந்தா ஒண்ணும் கேக்காது."

டெய்லர் சிரித்தார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் தலைமையாசிரியை. கெட்டவர் இல்லை, ஆனால் கறாரானவர். மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அன்று மதியமே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"ஒண்ணாம் கிளாஸுக்குக் குரல் வேணும் டீச்சர். டெர்ம் முடியற வரைக்கும் பார்ப்போம். கடைசி நாள் பெத்தவங்க எல்லாரும் வருவாங்க இல்ல, பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு அன்னைக்குத் தெரிஞ்சிடும். சரியா வரலைன்னா நீங்க ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கோங்க. சம்பளம் அதேதான்."

ஸ்டோர் ரூமில் சாக்பீஸ் பெட்டிகள் உண்டு, கால் உடைந்த நாற்காலிகள் உண்டு, துடைப்பங்கள் உண்டு. அவற்றில் எதுவும் மூக்கை ஒழுகவிட்டபடி வந்து, "டீச்சர், இவன் என்னையே பார்க்கிறான்" என்று புகார் சொல்லாது. பிள்ளைகள் இல்லாத அறையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் செத்தே போவோம் என்று டீச்சருக்குத் தோன்றியது.

தொடக்கத்தில் படாத பாடுதான். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று மெல்லப் பேசினால் குரல் முதல் பெஞ்சைத் தாண்டவில்லை. பின் பெஞ்சில் ஒருவன் இன்னொருவன் மூக்கைப் பென்சில் டப்பாவுக்குள் வைத்து மூட முயன்றுகொண்டிருந்தான். டீச்சர் மேஜையைத் தட்டினார். ஏதோ பாட்டு என்று நினைத்து அவர்களும் தட்டினார்கள். வேறு வழியில்லாமல் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, குட்டி நாற்காலி ஒன்றை நடுவில் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் தாடையை இடித்தது. டீச்சர் வாயிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கக் குழந்தைகள் தாமாகவே நெருங்கி வந்தார்கள். அவர் மெல்லப் பேசப் பேச அவர்களும் மெல்லப் பேசத் தொடங்கினார்கள். அப்படிப் பேசச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

டெய்லர் ஒரு பை நிறைய ஜோடியில்லாத பட்டன்களைக் கொடுத்துவிட்டார். கூட்டலும் கழித்தலும் அவற்றை வைத்துத்தான்.

"அஞ்சு பட்டன் இருக்கு. ரெண்டை நான் எடுத்துக்கிட்டா?" என்று கேட்டார் டீச்சர்.

"சட்டை திறந்துக்கும்" என்றான் ஒருவன். அதுவும் சரிதான்.

ஷூ நாடா கட்டப் பழகினார்கள். தண்ணீர்க் குழாயருகே முண்டியடிக்காமல் வரிசையில் நிற்கப் பழகினார்கள். நேற்று, இன்று, நாளை மூன்றும் வேறு வேறு என்று பாதிப் பேருக்குப் புரிந்தது. மீதிப் பேருக்கு எல்லாமே நேற்றுதான்.

வாசிப்பும் மாறியது. முன்பு அவர் ஒரு வரி சொல்ல, வகுப்பு மொத்தமும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி திருப்பிச் சொல்லும். இப்போது ஒவ்வொருவராக வந்து, புத்தகத்தைப் பார்த்து, அவர் காதோடு வாசிக்க வேண்டும். அப்போதுதான் குட்டு உடைந்தது. 'வாத்து' என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் சின்னப் பெண், கூட்டத்தோடு வாசிக்கும்போது எல்லோரையும்விடப் பெரிதாக வாய் திறப்பவள். அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து வாயசைத்தே இத்தனை நாளை ஓட்டியிருந்தாள்.

"இது என்ன எழுத்து, கண்ணு?"

வாத்து வெகுநேரம் அவர் காதில் மூச்சு மட்டும் விட்டாள். பிறகு, "டீச்சர், உங்க காது உள்ளே இருட்டா இருக்கு" என்றாள்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து வாத்துக்கு மட்டும் தினமும் இரண்டு முறை காதைக் கொடுத்தார்.

டெர்மின் கடைசி நாள் வந்தது. பெற்றோர்கள் சுவரோரப் பெஞ்சுகளில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "இன்னைக்கு மட்டும் சத்தமா வாசிக்கணும், சரியா?" என்று டீச்சர் வாரம் முழுக்கப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், மெல்லிய குரலில். அவர்களும் மெல்லிய குரலில் சரி என்றிருந்தார்கள்.

முதல் பையன் புத்தகத்தோடு எழுந்து வந்தான். சுற்றிப் பார்த்தான்.

"யார் காதுல டீச்சர்?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் தன் அம்மாவைப் பார்த்துவிட்டான். ஓடிப்போய் மடியில் ஏறி, காதில் வாயை வைத்து வாசிக்கத் தொடங்கினான். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் கிளம்பிவிட்டது. ஆளுக்கொரு மடி, ஆளுக்கொரு காது. அறையில் முணுமுணுப்பு மட்டுமே மிச்சம்.

"என்ன நடக்குது இங்கே? ஒண்ணும் கேக்கலையே" என்றார் தலைமையாசிரியை.

ஒருத்தி தன் அப்பாவின் காதை விடாமலே திரும்பி, "மேடம், வாசிச்சுக்கிட்டு இருக்கோம். கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றாள்.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாம் போயிற்று, நாளையிலிருந்து துடைப்பங்களோடுதான் என்று முடிவே கட்டிவிட்டார்.

வாத்து மட்டும் நடுவில் தனியாக நின்றாள். அவள் அம்மாவுக்குச் சலவைக் கூடத்தில் பகல் ஷிஃப்ட், வர முடியவில்லை. டீச்சர் அவளைப் பார்த்துக் கையை நீட்டினார். வாத்து வேண்டாம் என்று தலையசைத்தாள். டீச்சரின் காது தினமும் கிடைக்கிற காது. நேரே வாசலுக்குப் போய்த் தலைமையாசிரியையின் விரலைப் பிடித்துக் கீழே இழுத்தாள். தலைமையாசிரியை குனிந்தார். காது எட்டவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி உட்கார்ந்தார்.

அவள் என்ன வாசிக்கிறாள் என்று டீச்சருக்குக் கேட்கவில்லை. புத்தகத்தில் நகரும் விரல்தான் தெரிந்தது. விரல் நகர்ந்தது, நின்றது, பின்னுக்குப் போனது, மறுபடி நகர்ந்தது. தலைமையாசிரியை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பெற்றோர்கள் போக நேரமாயிற்று. வாட்டசாட்டமான ஒரு அப்பா காதையும் கண்ணையும் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டு, "கூசுது" என்று கேட்காமலே காரணம் சொல்லிக்கொண்டு போனார். கடைசியில் அறையில் டீச்சரும் தலைமையாசிரியையும்தான் மிஞ்சினார்கள்.

"அந்தப் பொண்ணு ஒரு வார்த்தையைத் தப்பாப் படிச்சா டீச்சர்."

டீச்சர் தரையைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலை. அவளே நிறுத்தினா. திரும்பப் போய்ப் பார்த்து, சரியாப் படிச்சா." தலைமையாசிரியை கீழே கிடந்த பட்டன் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "மனப்பாடம் பண்ணின பிள்ளை அப்படித் திரும்பிப் போகாது. நானும் ஒரு காலத்துல ஒண்ணாம் கிளாஸ் எடுத்தவதானே." பிறகு, அவருக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில், "ஸ்டோர் ரூமுக்கு வேற ஆளைப் பார்க்கறேன்" என்றார்.

டீச்சருக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் இன்னொரு தடவை கேட்டால் தேவலை என்று இருந்தது.

"என்ன சொன்னீங்க மேடம்?"

தலைமையாசிரியை அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, காதோடு சொன்னார்.