நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

எங்கள் வீட்டில் காலண்டர் தொங்கும் ஆணியில் ஒரு நாள் மாத்திரை அட்டை ஒன்றும் தொங்கியது. மருமகள் கவிதா எல்லார் கண் முன்னாலும் ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். என்னவென்று என் மனைவியிடம் கேட்டேன். "வீட்டுக்குத் தூரமாகுறது தள்ளிப்போறதுக்குங்க. குலசாமிக்குப் பொங்கல் வைக்கணும்லா? லேடி டாக்டர் குடுத்த கர்ப்பத்தடை மாத்திரை" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. பிள்ளை வேண்டாம் என்பதற்கும் சாமி வேண்டும் என்பதற்கும் ஒரே மாத்திரையா?

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரே ஒரு மாற்றுத் துணியோடு திருப்பூருக்கு பஸ் ஏறியவன். இன்று பன்னிரண்டு பவர் டேபிள் தையல் மெஷின் என் பேரில் ஓடுகிறது. பிழைக்க வந்தவர்களில் என்னைப் போல் வளர்ந்தவன் உண்டா என்று அனுப்பர்பாளையம் வரைக்கும் விசாரித்துப் பாருங்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் அந்த மூன்று நாளும் கொல்லைப்புறம் போய்விடுவார்கள். ஆண்கள் வாய் திறந்து கேட்பதில்லை. இங்கே தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிள்ளைகள், "ஏனுங்ண்ணா, வயிறு வலிக்குதுங்க, அரை நாள் லீவு குடுங்க" என்று என் முகத்தைப் பார்த்தே கேட்கிறார்கள். நான்தான் தரையைப் பார்ப்பேன்.

கவிதா திருப்பூர் பக்கத்துப் பொங்கலூர்ப் பெண்; எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேற்கத்திப் பெண். என் மகன் விரும்பிக் கட்டியவள். குலசாமி முன்னால் பானை வைத்துப் பொங்கிய மருமகளைத்தான் எங்கள் பங்காளிகள் வம்சத்தில் சேர்ப்பார்கள். இரண்டு வருடமாக அவளை யாரும் சேர்க்கவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை என் மருமகள்தான் முதல் பானை என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை ஊரிலிருந்து போன் வந்தது. தெருவில் ஒரு சாவு. பொங்கல் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. "அப்ப மாத்திரைய நிப்பாட்டச் சொல்லு. வியாழக்கெழம மறுபடி போட்டாப் போச்சு" என்றேன் மனைவியிடம். உள்ளேயிருந்து கவிதா குரல் கேட்டது: "பூஜை முடியற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க, அத்தை." எனக்குச் சிரிப்பு வந்தது. "ஷிப்மென்ட் தள்ளிப்போனா மெஷின நிறுத்துறதில்லையா தாயி? எனக்குத் தெரியாத தொழிலா?" அவள் அன்றைக்கே நிறுத்திவிட்டாள். வியாழக்கிழமை ஒன்றைப் போட்டுக்கொள்ளவும் செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, வேன் சங்கரன்கோவிலைத் தாண்டும்போது கவிதா என் மனைவியின் காதில் ஏதோ சொன்னாள். மனைவி திரும்பி என்னைப் பார்த்த பார்வையிலேயே, கவிதா தூரமாகிவிட்டாள் என்று விளங்கிவிட்டது. மெஷின் நின்றால் நின்றதுதான். உடம்பு அப்படியில்லை போலிருக்கிறது. இன்று வரைக்கும் எனக்கு அது பிடிபடவில்லை.

கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் வேனை நிறுத்தி, அவளை உள்ளேயே உட்கார வைத்துவிட்டு நாங்கள் போனோம். பெரியப்பா மகன் அண்ணாச்சி, பங்காளிகள் அத்தனை பேருக்கும் நடுவில் கேட்டார்: "எங்கலே ஒம் மருமவ? மேக்கத்திப் பிள்ளைக்கு நம்ம சாமி ஆகாதோ?" உள்ளதைச் சொல்ல வாய் வரவில்லை. "கம்பெனியில அவசர ஷிப்மென்ட் அண்ணாச்சி. அவ வரல" என்றேன். அவர் சிரித்தார். என் தங்கை மகள் எங்கள் பானையை அடுப்பில் ஏற்றினாள்.

பொங்கலை வாழையிலையில் வாங்கிக்கொண்டு வேனுக்கு வந்தேன். எனக்கு முன்பே என் மனைவி வந்து போயிருந்தாள். கவிதா அழவில்லை. என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"நான் வரவே இல்லீன்னு சொல்லீட்டீங்களாமா, மாமா? அப்ப இங்க உக்காந்திருக்கறது யாருங்க?"

  ஜன்னல் வழியாக அவள் கையை நீட்டினாள். சாமிக்குப் படைத்ததை இந்த நாளில் இவள் கையில் கொடுக்கலாமா? அங்கே கோயிலில் முதல் மரியாதைக்கு என் பேரைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை, இன்னொரு தடவை. இலைச் சூடு உள்ளங்கையைப் பொசுக்க, இரண்டு பக்கமும் திரும்பத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். அவள் கை நீட்டியபடியே இருந்தது.