ரத்து செய்யப்படாத ஆணை

தவறாகப் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணையை, பிறப்பித்தவரேதான் ரத்து செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அதை உடனே தெரிவிக்கவும் வேண்டும். அரசாங்கத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற நான் அடித்துச் சொல்லக்கூடிய மிகச் சில விஷயங்களில் இது ஒன்று. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என் அப்பாவுக்கு இந்த விதி என்னைவிட நன்றாகத் தெரியும். அலுவலகத்தில்.

வீட்டில் வேறு சட்டம். சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் நானும் தங்கையும் எழுந்து நிற்க வேண்டும். தம்பி உட்கார்ந்திருக்கலாம், ஆண் பிள்ளை என்பதால் விலக்கு. மரியாதையைக் கேட்டு வாங்க வேண்டும், பெண் பிள்ளையிடம் கண்டித்து வாங்க வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. அம்மாவுக்கும் ஒரு கொள்கை இருக்கக்கூடும் என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், கடலூரில் நடக்கவிருந்த பேச்சுப் போட்டிக்குப் பள்ளியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைப்பு ‘பெற்றோரைப் பேணுதல்’. அதுவரை நான் ரயில் ஏறியதில்லை. பேச்சைவிட ரயிலைத்தான் அதிகம் மனப்பாடம் செய்திருந்தேன்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில், அப்பாவுடன் தினமும் ரயிலில் போய்வரும் சிநேகிதர் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருக்காரர்தான்.

“சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க சார். ஒங்க பெரிய பொண்ணு கீழ வீதியில வாடக சைக்கிள் ஓட்டிக்கிட்டுப் போவுது. போயி மாட்டு வண்டியில முட்டி வுழுந்துச்சு. பசங்கல்லாம் சிரிக்கிறானுவோ.”

“என் பொண்ணுதானா? மூஞ்சியப் பாத்தீங்களா?”

“மூஞ்சி என்னாத்துக்கு சார்? பச்சப் பாவாட. தீவாளிக்கி எடுத்தது. எனக்குத் தெரியாதா?”

அந்தப் பச்சைப் பாவாடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உத்தியோகஸ்தர்கள் தீபாவளித் துணியைக் கூட்டுறவுப் பண்டகசாலையில்தான் எடுப்பார்கள். அந்த வருடம் அங்கே பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட ஒரே துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருந்தது. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் அத்தனை பேரும் பச்சை. இரண்டு வீடுகளில் ஜன்னல் திரையும் பச்சை. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் யாருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அப்பா என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. “செல்லம் ஜாஸ்தி ஆயிடுச்சு” என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ‘என் மகள் போட்டிக்கு வரமாட்டாள்’ என்று தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். சைக்கிள் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்றுகூட எனக்குத் தெரியாது. அழுதேன். “நான் இல்லப்பா” என்றேன். அழுகையை அவர் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. அப்பா கொல்லைப்புறத்தில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். எனக்குப் பதிலாகப் போட்டிக்குப் போகிறவள் டீச்சரோடு ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பச்சைப் பாவாடை. ஒரு காலை விந்தி விந்தி நடந்தாள். முட்டியில் பெரிய கட்டு. அப்பாவிடம் தகவல் சொன்ன சிநேகிதரின் மகள்தான் அவள். மனிதர் தன் பெண்ணையே முதுகுப் பக்கம் பார்த்து, என் பெயரில் புகார் கொடுத்திருக்கிறார்.

அம்மாவும் பார்த்துவிட்டாள். என் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போய், பாவாடையை முட்டிக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

“வுழுந்தான்னு சொன்னாரே ஒங்க சிநேகிதரு, இவ முட்டியப் பாருங்க. ஒரு கீறல் இருக்கா? கட்டுப் போட்ட முட்டி இப்பதான் ஸ்டேஷனுக்குப் போவுது.”

அப்பா பார்த்தார். கத்தி கன்னத்திலேயே நின்றது.

“இன்னும் ரயில் வரல. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தா டீச்சர் சேத்துக்குவாங்க.”

“சொன்னது சொன்னதுதான். பெத்தவன் வார்த்தைய மாத்துனா நாளைக்கி இதுங்க எப்பிடி மதிக்கும்?”

“மாத்தலன்னாதான் மதிக்காது.”

அப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிறிது நேரத்தில் ரயில் கூவியது. நின்று, கிளம்பி, சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அம்மா அங்கேயே நின்றாள். பிறகு என் முன்னால் குனிந்து, தேவைக்கு அதிகமான குரலில் சொன்னாள்:

“ஒன்னத் தப்பா நெனச்சிட்டோம்மா. எங்க தப்புதான். மன்னிச்சுக்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் என்னை ஒரு நிமிடம்கூடத் தப்பாக நினைக்கவில்லை. தப்பு செய்யாதவள் மன்னிப்புக் கேட்கிறாள். செய்தவர் துண்டால் முகம் துடைக்கிறார். மன்னிப்புக் கேட்பது அதிகாரம் இல்லாதவர்களின் வேலை என்று முடிவு கட்டினேன். அன்று சாயங்காலம் செருப்புச் சத்தம் கேட்டதும் முன்னைவிட விறைப்பாக எழுந்து நின்றேன். அம்மா பார்த்தாள். அப்பாவின் காதில் விழும்படி அவள் காலையில் மன்னிப்புக்கான மாதிரிப் படிவம் ஒன்றை நிரப்பிக் காட்டினாள் என்பதோ, அதில் கையெழுத்துப் போட வேண்டியவருக்காக அவள் காத்திருக்கத் தொடங்கிவிட்டாள் என்பதோ அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

நான் ஓய்வு பெற்றுக் கடலூரில் குடியேறியபோது இருவரும் என்னோடு வந்துவிட்டார்கள். ஒரு நாள் கூடத்தில் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். சாய்வு நாற்காலியிலிருந்து அப்பா அவளைக் கூப்பிட்டார்.

“இந்தா, அவகிட்ட சொல்லிடு. அந்த சைக்கிள் விஷயம். நான் செஞ்சது தப்புன்னு.”

அம்மா நிமிரவில்லை. “ஏன், அவ இங்கதான ஒக்காந்துருக்கா? நீங்களே சொல்லுங்க.”

கைப்பிடியை ஊன்றி, முதல் முயற்சியில் முடியாமல் இரண்டாம் முயற்சியில், அப்பா என் முன்னால் எழுந்து நின்றார்.

அந்த ஆணை ரத்தான நாள்: 2009, ஆனித் திருமஞ்சனத்திற்கு மறுநாள்.