பதினேழாவது வரி

ஈனிட் மவுன்சி பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டாள். அம்மா இறந்த வருடம் அது. அப்பா கற்பலகைச் சுரங்கத்துக்குப் போனார். அவள் ஏரிக்கரை ஓட்டலின் சலவைக்கூடத்துக்குப் போனாள். தம்பி கோலினுக்கு அப்போது பத்து வயது. அவன் காலுறையைத் தைத்ததும், அவனுக்குச் சோறு போட்டதும், அவன் மலையில் ஓடி இறங்கும்போது அடிவாரத்தில் கடிகாரத்தோடு நின்றதும் அவள்தான். விரிப்புகளை எண்ணி எழுதி எழுதிப் பழகியதில் அவள் கையெழுத்து அச்சுப்போல ஆகியிருந்தது. தம்பியின் ஒவ்வொரு பந்தயத்தையும் அந்தக் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். ஒரு வினாடி கூட்டியும் எழுதமாட்டாள், குறைத்தும் எழுதமாட்டாள்.

1968 வசந்தத்தில் மாவட்ட ஓட்டச் சங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நாட்டு அணிக்கான தேர்வு ஓட்டத்துக்குக் கோலினை அனுப்ப யோசிக்கிறார்கள். இதுவரை வென்ற பந்தயங்களை எழுத நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். நாலு வரியில் எதை எழுதுவது? ஈனிட் தனித்தாள் எடுத்தாள். இருபத்துமூன்று வெற்றிகள். நாள், ஊர், தூரம், நேரம், பரிசு. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் கீழே அளவுகோல் வைத்து இரட்டைக் கோடு.

அதில் பதினேழாவது, பிராத்கில் ஆட்டுச் சந்தை ஓட்டம். முதல் பரிசு மூன்று பவுண்டு ரொக்கம்.

காசுக்கு ஒரே ஒரு தடவை ஓடியவனும் ஆயுள் முழுக்கச் சங்கத்தின் பந்தயங்களில் கால் வைக்க முடியாத காலம் அது. அதனால்தான் பையன்கள் சந்தை ஓட்டங்களில் பொய்ப் பெயரில் ஓடினார்கள். கோலினும் அப்படித்தான் ஓடினான். ஈனிட்டுக்கு விதி தெரியாமல் இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் அவன் அந்த மலையின் முப்பது வருடச் சாதனையை முறியடித்தான். அதை விட்டுவிட்டு எழுத அவளுக்குக் கை வரவில்லை. ‘வேறு பெயரில் ஓடியிருந்தாலும் ஓடியது என் தம்பியே’ என்று அடைப்புக்குறி போட்டு எழுதியும் வைத்தாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. ‘தாங்கள் அனுப்பிய பட்டியலின் பதினேழாம் வரியின்படி’ என்று தொடங்கி, கோலினுக்கு ஆயுள் தடை என்று முடிந்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

“யாரோ உன்னைப் போட்டுக் குடுத்துட்டாங்கடா” என்றாள் தம்பியிடம்.

அவன் இடத்தில் தேர்வுக்குப் போனவன் லெஸ் ஃபியரன். ஒவ்வொரு பந்தயத்திலும் கோலினுக்கு அடுத்து வந்தவன்.

“லெஸ்தானே?” என்றான் கோலின்.

ஈனிட் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். “நான் என்னத்தச் சொல்ல?” என்றாள். அது போதுமானதாக இருந்தது.

லெஸ் தேர்வு ஓட்டத்தில் பதினோராவதாக வந்தான். ஊருக்குத் திரும்பி ரொட்டிக்கடை வைத்தான். ஊர் ஜனம் மூன்று மைல் போய்ப் பக்கத்து ஊரில் ரொட்டி வாங்கியது. 2006இல் அவன் மனைவி ஜோன் இறந்தபோது பெட்டியைத் தூக்க நாலு பேர்தான் இருந்தார்கள். ஈனிட் எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தாள். பஸ் வந்தது, அவள் ஏறவில்லை. கோலின் சுரங்கத்தில் வேலை பார்த்து, முழங்கால் இரண்டும் தேய்ந்து, கல்யாணம் கட்டாமல் அக்காவின் வீட்டிலேயே அறுபத்துமூன்று வயதுக்கு வந்துவிட்டான்.

2012 ஆகஸ்ட். லண்டன் ஒலிம்பிக் முடிந்து முதல் சனிக்கிழமை மத்தியானம். தொழிலாளர் கிளப்பில் பியரும் பன்றித்தோல் வறுவலும் ஓடிக்கொண்டிருந்தன. குழாய் வேலைக்காரன் டெரிக் சாக்கட்டியோடு கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றான். பிரிட்டனின் எல்லாக் காலத்துக்கும் பெரிய வீரர் யார், இன்றைக்கு ஓட்டெடுத்து முடித்துவிடுவது என்று ஏற்பாடு.

“டேலி தாம்சன். ஓட்டம், தாண்டல், எறிதல்னு ஒரே ஆளு பத்துப் போட்டி, ரெண்டு ஒலிம்பிக் தங்கம். பேச்சே இல்ல.”

“அப்போ படகு வலிக்கிற ரெட்கிரேவ்? அஞ்சு ஒலிம்பிக், அஞ்சு தங்கம்டா.”

“உக்காந்த எடத்துல பின்னாடி பாத்துக்கிட்டே ஜெயிக்கிறவன் வீரனா? அப்படின்னா எங்க மாமியாருக்கும் ஒண்ணு குடு.”

“மோ ஃபாராவ எழுது. போன சனிக்கிழமை டிவியப் பாத்து அழுதியே டெரிக்.”

“கண்ணுல தூசு.”

பியர் ஊற்றும் மோரீன் துணியை உதறினாள். “ஜெசிகா எனிஸ். ரெண்டு நாள்ல ஏழு போட்டி. உங்கள்ல எவனாவது ரெண்டு நாள்ல ஒரு வேலையையாவது முடிச்சிருக்கீங்களா?”

ஈனிட் கோப்பையை மேசையில் வைத்தாள். “எல்லாத்தையும் எழுதிட்டு, நம்ம கோலின் பேரையும் எழுது.”

“வந்துட்டாங்கப்பா!” என்றான் டெரிக். “ஓடாத பந்தயத்துல ஒரு தடவகூடத் தோக்காத ஒரே வீரன்!”

கிளப்பே சிரித்தது. கோலின் தன் பியரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவன் ஏன் ஓடலன்னு அந்த மூலையில கேளு” என்றாள் ஈனிட். “பொண்டாட்டியத் தூக்கக்கூட ஆள் கெடைக்காம நின்னானே, அவனக் கேளு.”

மூலையில் லெஸ் தனியாக உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று கோட்டின் உள்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான்.

“எழுதுப்பா டெரிக். கோலின் பேர நான் முன்மொழியறேன். ஆதாரத்தோட.”

யாரும் சிரிக்கவில்லை. லெஸ் தாளைப் பிரித்தான். ஊர்ப் பெயர்களின் கீழே இருந்த இரட்டைக் கோடுகளை ஈனிட் தன் மேசையிலிருந்தே பார்த்தாள்.

“ஒண்ணு. 1964, கெண்டல். முதல் பரிசு.”

“சபாஷ்!” என்று கத்தினான் டெரிக். ரெண்டு, மூணு என்று போகப்போகக் கைதட்டல் கூடியது. ஆறாவதுக்கு மேசையைத் தட்டினார்கள். முதலில் கேலியாகத்தான் தொடங்கினார்கள். எட்டாவது வெற்றிக்கு மேல் கேலி தானாகவே நின்றுபோனது. கோலின் தலையை நிமிர்த்தினான். இத்தனை வருடத்தில் அவனுக்காக இந்த அறை கைதட்டியதே இல்லை. பயத்துக்கு நடுவிலும் ஈனிட்டின் நெஞ்சு நிமிர்ந்தது. அவளால் அதை அடக்க முடியவில்லை.

“பதினொண்ணு. ஆம்பிள்சைட். பதினாலு நிமிஷம், இருவது வினாடி.”

“பன்னெண்டு” என்றாள் ஈனிட். “பதினாலு நிமிஷம் பன்னெண்டு வினாடி.”

லெஸ் அவளைப் பார்த்தான். “ஆமா. பன்னெண்டுன்னுதான் எழுதியிருக்கு. பாத்து எழுதுனவ மாதிரியே சொல்ற.”

பதினைந்தாவதில் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“உக்காருங்க ஈனிட், உங்க தம்பி ஜெயிச்சுக்கிட்டு இருக்கான்!” என்று டெரிக் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

“பதினேழு” என்றான் லெஸ். “பிராத்கில் ஆட்டுச் சந்தை. முதல் பரிசு, மூணு பவுண்டு ரொக்கம். வேறு பெயரில் ஓடியிருந்தாலும் ஓடியது என் தம்பியே.”

கைதட்ட எடுத்த கைகள் அப்படியே நின்றன. வயதானவர்களுக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்கு அவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்தது.

கோலின் மேசையைப் பிடித்து எழுந்து, நொண்டி நொண்டிப் போய்த் தாளை வாங்கினான்.

“எங்க கெடச்சுது?”

“சங்கத்தோட பழைய காகிதமெல்லாம் இப்போ மாவட்ட ஆவணக் காப்பகத்துல இருக்கு. மூணு தடவ பஸ் ஏறிப் போனேன். இது நகல். இத ஆறு மாசமாக் கோட்டுப்பையில வெச்சிருந்தேன். குடுக்க வேணாம்னுதான் இருந்தேன். இன்னிக்கு அவ ஜோன இழுத்துட்டா.”

கோலின் கையை நீட்டினான். லெஸ் அந்தக் கையைப் பார்த்தான்.

“ஜோன் இருந்தப்போ நீட்டியிருக்கணும்” என்று சொல்லி உட்கார்ந்துகொண்டான்.

நீட்டிய கையைக் கோலின் மெதுவாக மடக்கினான். பிறகு அக்காவின் மேசைக்கு வந்து தாளை அவள் முன்னால் வைத்தான்.

“இன்னும் ஆறு இருக்கு. படி.”

“வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்டா.”

“நீ எழுதினது. நீயே படி. எந்திரிச்சு நின்னு.”

“பெருமையில எழுதிட்டேன் கோலின். உன் மேல இருந்த பெருமை.”

“பதினேழ எழுதினது பெருமை. சரி. அப்புறம் நாப்பத்துநாலு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தது?”

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஈனிட் சுற்றிப் பார்த்தாள். மோரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டெரிக் மட்டும் வேடிக்கை விடாமல், “எல்லாக் காலத்துக்கும் பெரிய அக்கா! அதுக்கு ஓட்டே வேணாம்!” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஈனிட் எழுந்து நின்றாள். பதினெட்டு. பத்தொன்பது. ஒரு நேரத்தைக்கூட அவள் தப்பாக வாசிக்கவில்லை. இருபது, இருபத்தொன்று. யாரும் கைதட்டவில்லை. இருபத்துமூன்றை முடித்துத் தாளை மடிக்கப் போனாள்.

“கடைசி வரி” என்றான் கோலின்.

“மேற்கண்ட யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன். ஈனிட் மவுன்சி, அக்கா.”

“பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல. சத்தமா.”

அவள் மறுபடியும் வாசித்தாள். ‘அக்கா’ என்ற சொல்லுக்கு வரும்போது, கோலின் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் தாண்டியிருந்தான்.