மெமோவையும் சேர்த்துத்தான்

எந்தக் காகிதம் முக்கியம் என்று தெரியாத முட்டாள் நான். பழைய பேப்பரோடு என் டிகிரி சர்டிபிகேட்டையும் எடைக்குப் போட்டவன். அப்படிப்பட்ட என்னைத்தான் சிதம்பரத்தில் ஒரு நூலகத்தின் ஆவணப் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் ஒரு பெரியவர் கடலூரிலிருந்து இரண்டு பெட்டிகளோடு பஸ்ஸில் வந்தார். தாலுகா ஆபீஸில் கிளார்க்காகத் தொடங்கி, பிறகு பேங்குக்கு மாறி, மேனேஜராக ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. எந்தக் காகிதம் கையில் கிடைத்தாலும் ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்துவார். என் மேசையில் கிடந்த பஜ்ஜித் தாளுக்கும் அந்த மரியாதை கிடைத்தது.

பெட்டிகளில் அவருடைய நியமன உத்தரவு, மாறுதல் உத்தரவு, பாராட்டுக் கடிதம் எல்லாம் இருந்தன. கூடவே, மேலதிகாரிகள் விளக்கம் கேட்டு அனுப்பிய மெமோக்கள் ஒரு தடித்த கட்டு. எல்லாவற்றையும் நூலகம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் கோரிக்கை.

நான் பெருந்தன்மையாக மெமோக் கட்டை மட்டும் அவர் பக்கம் தள்ளினேன்.

“ஆராய்ச்சி பண்ற பசங்கல்லாம் பாப்பாங்க சார். இத வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க.”

அவர் ஓரத்தைத் தட்டி, கட்டை என் பக்கமே தள்ளினார்.

“எடுத்தா மொத்தமா எடுங்க. இல்லன்னா பெட்டியத் தூக்கிகிட்டு அடுத்த பஸ்ஸுல போறேன்.”

திட்டு வாங்கியதை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தவரை நான் பார்த்ததே இல்லை.

“பூரா உங்களத் திட்டித்தான சார் எழுதியிருக்காங்க?”

“வேல பாத்தவனுக்குத்தான் தம்பி மெமோ வரும்.”