கீழ்வீட்டு நீல நாய்

சனிக்கிழமை எங்கள் மகளின் பிறந்தநாள். மறுநாள் காலை கீழ்வீட்டு மாரித் வந்து கதவைத் தட்டி, நேற்றைய சத்தத்துக்கு நன்றி என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்றே நினைத்தேன். நோர்வேக்காரர் கோபத்தையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள் என்பது இங்குள்ள நம்மவர் பலரின் அசைக்கமுடியாத நம்பிக்கை. ஒஸ்லோவின் குரோருட்டில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த நாள் முதல் நாங்கள் பூனைநடை நடப்பவர்கள். கதிரைக் கால்களுக்கெல்லாம் துணி ஒட்டியிருக்கிறோம். சம்பலுக்கு அரைப்பதென்றால் மிக்சிக்குக் கீழே துவாயை மடித்து வைப்போம். ஆகவே மளமளவென்று மன்னிப்புக் கேட்டேன். அவள் விழித்தாள்.

"இல்லை, உண்மையாகவே நன்றி. நேற்று முழுக்க நான் வேலையில். அவன் ஒரு தடவைகூட ஊளையிடவில்லையாம்" என்றாள்.

அவன் என்றது அவளுடைய நாயை. கன்றுக்குட்டி உயரம், தாடைக்குக் கீழே தொங்கும் காதுகள், எப்போதும் துக்கவீட்டுக்குப் போய் வந்த முகம். அது பிரான்சின் காஸ்கோன் பகுதியின் பெரிய நீல நாய் என்று முன்பொருநாள் சொல்லியிருந்தாள். நான் குனிந்து நீலத்தைத் தேடினேன். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாகச் சிதறியிருந்தன. நாலடி தள்ளி நின்றால்தான் அது நீலமாகத் தெரிந்தது. மோப்பம் பிடித்தபடி கூட்டமாக ஓடி மானையும் காட்டுப்பன்றியையும் துரத்துகிற சாதி. உண்பதும் உறங்குவதும் கூட்டமாகத்தான். மாரித் அங்கே ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்த காலத்தில், பக்கத்துப் பண்ணைக்காரர் இறந்துபோக, அவருடைய நாய்க்கூட்டத்தை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்களாம். ஒன்று ஒஸ்லோவுக்கு வந்தது. நோர்வேயில் முயல் வேட்டைக்கு ஒரு ஆளும் ஒரு நாயும் போதும் என்றும் சொன்னாள். இந்த நாட்டில் வேட்டையையும் தனியாகத்தான் ஆடுகிறார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அதன் குரல் அழகானது என்பாள் மாரித். என் மனைவி சாந்திக்கு அது காதில் விழுந்தாலே முகம் வெளிறிவிடும். ஊரில் நாய் ஊளையிட்டால் யாருக்கோ சாவு என்று கல்லெடுத்துக் கலைப்போம். இங்கே யாருடைய நாய்க்கு யார் கல்லெறிவது?

"இஞ்சருங்கோ, கேட்டியளே? அக்காவுக்கு என்னவோ" என்று பகலிலேயே என் வேலைக்குப் போன் எடுப்பாள். அவள் குடும்பத்தில் அக்கா ஒருத்திதான் யாழ்ப்பாணத்தில் மிஞ்சியவள்.

சாந்தி மட்டுமல்ல, கட்டடமே சலித்துப்போயிருந்தது. வீட்டுச் சங்கம் மாரித்துக்கு மாதக் கடைசிவரை தவணை கொடுத்திருந்தது. அதன்பிறகும் ஊளை கேட்டால் நாய் போகவேண்டும். வானொலியைப் போட்டுப் பார்த்தாளாம், நாய் ஏமாறவில்லை. கூரைக்கு மேலே, எங்கள் வீட்டில், ஆட்கள் கூடிக் கதைத்தால்தான் தன் கூட்டம் பக்கத்தில் இருப்பதாக நினைக்கிறது போலும். வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "பகலில் கொஞ்சம் சத்தமாக இருப்பீர்களா?"

பல வருடங்களாக நாங்கள் பழகிய அடக்கம் ஒரு நாய்க்கு ஆகாமல் போனதை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. சாந்தி சிரிக்கவில்லை. "செத்தவீட்டு நாய்க்கு நான் கச்சேரி வைக்கிறதோ?" என்றாள். ஆனால் பகலில் வீட்டில் இருப்பவள் அவள்தான். இரண்டு நாள் முறைத்துவிட்டு, மூன்றாம் நாள் தொலைபேசி அட்டை வாங்கி அக்காவுக்குப் போன் எடுத்தாள். ஊரில் மதிலுக்கு மேலால் கதைக்கிற அதே குரல். கீழே நாய் மூச்சுக்காட்டவில்லை. தவணை நல்லபடியாகக் கழிந்தது. மாரித் கேக் செய்து கொண்டுவந்தாள்.

பிறகு ஊரில் சமாதானம் முறிந்து மறுபடி போர் மூண்டது. யாழ்ப்பாணத்துக்குப் பாதையும் அடைபட்டது, தொலைபேசியும் அறுந்தது. ஒருநாள் நான் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தேன். சாந்தி எண்களை அழுத்துவதும் வைப்பதுமாக இருந்தாள். வீடு பழையபடி அமைதியாகிவிட்டது. கீழே நாய் தொடங்கியது, நீளமாக, அடிவயிற்றிலிருந்து. இவள் இனி மாரித்தோடு சண்டைக்குப் போகப்போகிறாள் என்று பயந்து எழுந்தேன்.

அவள் கூடத்தின் நடுவில் நின்று தரையைப் பார்த்துக் கத்தினாள். "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை! அவ சுகமாய்த்தான் இருக்கிறா. லைன்தான் கிடைக்கேல்லை. பேசாமல் படு!"

ஊளை நின்றது. சாந்தி கொஞ்சநேரம் காது கொடுத்தாள். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல், போனை எடுக்காமலே, மாரித்தின் கூரையான எங்கள் நிலத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்: "அக்கா, இஞ்சை இப்ப நாலு மணிக்கே இருட்டுது..."